கேட்டிருக்கும், இரு

எங்கள் ஆபீசில் அவரை எல்லோரும் ‘அக்கா ஜி’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆரம்பித்து வைத்தவன் நான். அந்த மாடியில் எங்கள் இரண்டு பேரைத் தவிரத் தமிழ் பேசுகிறவர் யாருமில்லை. என்னைவிட மூத்தவர், பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை, அக்கா என்றேன். பக்கத்து மேஜைக்காரன் அதையே அவர் பேராக எடுத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு ‘ஜி’யையும் ஒட்டிவிட்டான். அப்புறம் மேனேஜரிலிருந்து டீ கொண்டுவருகிற பையா வரைக்கும் அக்கா ஜிதான். நிஜப் பேரை எழுதினால் அந்த ஆபீஸ்காரர்களுக்கே யாரென்று தெரியாது. அதனால் எழுதவில்லை.

இப்போது அவரை நினைத்தால் முகம் உடனே வருவதில்லை. முதலில் ஒரு ஜன்னல் வருகிறது. டெல்லி நேரு பிளேஸில் எங்கள் மாடி ஜன்னல். வெளியே, மதியமாகியும் கலையாத ஜனவரி மூட்டம். எதிர்க் கட்டடம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. ஜன்னலுக்கு முன்னால், ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு. திரையில் ஒரே வரி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டிருக்கும். பதில் இல்லை, பதில் இல்லை, பதில் இல்லை. மழையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடியைக் கேபிள் கட்டுகிற கறுப்பு வெல்க்ரோ பட்டையால் கட்டியிருப்பார். ரப்பர் பேண்ட் வாங்க நேரமில்லையா என்று கேட்டால், இது அறுந்துபோகாது என்பார்.

எங்கள் வேலை என்னவென்று என் மாமியாருக்கு இன்றுவரை புரியவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் என்றால் சுவரில் தட்டுகிற ஸ்விட்ச் இல்லை. ஒரு மாடியில் உள்ள கம்ப்யூட்டர், போன், கேமரா எல்லாவற்றின் ஒயரும் வந்து சேர்கிற தட்டையான பெட்டி. முகத்தில் வரிசையாகப் பச்சை விளக்குகள். ஊரின் எந்த மூலையில் அது இருந்தாலும் நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதற்குள் போகலாம், பார்க்கலாம், மாற்றலாம். இருக்கியா என்று கேட்போம். இருக்கேன் என்று பதில் வரும். சில நாள் வராது.

பதில் வராவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். நான் பிறவியிலேயே அவசரக் குடுக்கை. லிப்ட் பட்டனை அது வருகிற வரைக்கும் அமுக்குகிற ஜாதி. அக்கா ஒரு தரம் அமுக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வார். நான் மறுபடி கையை நீட்டினால், “கேட்டிருக்கும், இரு” என்பார். லிப்டுக்கும் அதேதான், ஸ்விட்சுக்கும் அதேதான். மதியச் சாப்பாடாகத் தால் சாவல் சொல்லிவிட்டு அரை மணி காத்திருக்கும்போது, பையா மறந்துட்டான்போல, இன்னொரு தரம் சொல்றேன் என்று நான் எழுந்தாலும் அதேதான். கேட்டிருக்கும், இரு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் தால் சாவல் வந்துவிடும்.

போனிலும் அப்படித்தான். அவரிடம் பேசுவது பெரிய அவஸ்தை. ஒரு கேள்வி கேட்பார். நாம் யோசிக்கிற நேரத்தில் ஹலோ, லைன்ல இருக்கீங்களா என்றெல்லாம் கேட்கமாட்டார். மறுமுனையில் அவர் மூச்சுகூடக் கேட்காது. கடைசியில் அந்த மௌனம் தாங்காமல் நாமே உண்மையைச் சொல்லிவிடுவோம். கஸ்டமர்கள் கத்துவார்கள். கத்தி ஓய்கிறவரை இருந்துவிட்டு, “அச்சா, அதுக்கு முன்னாடி என்ன பண்ணீங்க?” என்று இந்தியில் மெதுவாகக் கேட்பார்.

இன்னொரு வழக்கம், பக்கத்தில் கேட்பது. ஏதாவது புது இடத்துக்குப் போனால் மேப்பை நம்பமாட்டார். இஸ்திரி போடுகிறவர், வாட்ச்மேன், வெயிலில் கடலை உரிக்கிற பாட்டிகள் என்று ஒருவர் விடாமல் விசாரித்துக்கொண்டே போவார். வெட்கக்கேடு அக்கா, வாங்க என்று நான் இழுப்பேன். “நாம யாரைத் தேடுறோமோ அவங்களைப் பத்தி அவங்களைத் தவிர மத்த எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்” என்பார்.

ஒரு கண் ஆஸ்பத்திரி சமாசாரத்தில்தான் இதையெல்லாம் நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அந்த ஆபீஸ் குளிர்காலங்களெல்லாம் எனக்கு ஒரே நீண்ட மதியமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. ஆப்பரேஷன் மாடியில் இருந்த ஸ்விட்ச் எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. ஆனால் மாடியில் ஒரு குறையும் இல்லை. ஸ்கேன் படங்கள் போகின்றன, டாக்டர்களின் திரை ஓடுகிறது, போன் அடிக்கிறது. எங்கள் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

மேனேஜர் வந்து நின்றார். “அக்கா ஜி, பவர் ஆஃப் கரோ, ஆன் கரோ, பஸ்” என்றார். அணைத்துப் போடுங்கள், அவ்வளவுதான். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். பிடுங்கிச் சொருகினால் தீர்ந்தது.

“உள்ள ஆளுங்க கண்ணைத் திறந்து வெச்சிட்டுப் படுத்திருக்காங்க,” என்றார் அக்கா என்னிடம் தமிழில். மேனேஜரிடம் இந்தியில் சொன்னது இன்னும் சுருக்கம். அது வேலை செய்கிறது, நம்மோடு பேசவில்லை, அவ்வளவுதான், அதற்காக அதன் உயிரைப் பிடுங்கக் கூடாது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அக்கா அந்த ஸ்விட்சை விட்டுவிட்டு, அதே கட்டடத்தில் அதற்கு அடுத்த மாடியில் இருந்த இன்னொரு ஸ்விட்சுக்குள் போனார். எங்கள் தொழிலில் அதை ‘பக்கத்து வீடு’ என்றே சொல்வோம். அங்கே உட்கார்ந்துகொண்டு இதைக் கூப்பிட்டார். முதல் கூப்பாட்டுக்கே பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நேரம் நாங்கள் கேட்டதெல்லாம் அதன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. தூரத்திலிருந்து கேட்பவருக்குப் பதில் அனுப்ப எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று அதற்குள் ஒரு வரி எழுதியிருக்கும். முந்தின வாரம் யாரோ பழைய வாசலை எடுத்துவிட்டுப் புதியதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். வாசல் தெரியாததால் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அந்த வரியை அக்கா எழுதினார். எங்கள் திரையில் ‘பதில் இல்லை’ நின்று, பதில்கள் ஓட ஆரம்பித்தன. உடனே சேவ் பண்ணிவிடவில்லை. முழுக்க வெளியே வந்து, எங்கள் இடத்திலிருந்தே மறுபடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் பண்ணினார். எப்போதும் அப்படித்தான். வெளியே போய்த் திரும்ப உள்ளே வர முடிகிறதா என்று பார்க்காமல் எதையும் முடிக்கமாட்டார்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் சொன்னார். மொட்டைமாடியில், வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். அவர் அப்பா மத்திய சர்க்காரில் இருந்தவர். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே டெல்லிக்கு வந்துவிட்டார். அக்காவும் தம்பியும் வளர்ந்தது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில். வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். வாசலுக்கு வெளியே எது வேண்டுமானாலும் பேசிக்கொள், உள்ளே தமிழ் மட்டும். வாய் தவறி ஒரு இந்தி வார்த்தை வந்துவிட்டால் அடியும் இல்லை, திட்டும் இல்லை. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் வாசலைக் கை காட்டுவார். வெளியே போக வேண்டும், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று அந்த வார்த்தைக்குத் தமிழ் கண்டுபிடிக்க வேண்டும், உள்ளே வந்து சொல்ல வேண்டும்.

“ஒரு தரம் ‘ஜல்தி’க்குத் தமிழ் வரல. பாத்ரூம் அவசரம் வேற. தம்பி ஜன்னல் வழியா ‘சீக்கிரம், சீக்கிரம்’னு சொல்லிக் குடுக்கறான். சீக்கிரம் வரச் சொல்றான்னு நெனச்சுக்கிட்டு அழறேன் நான்,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அந்த அப்பாவுக்குத்தான் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறியது. பேச்சு தேறவில்லை. வாயைத் திறப்பார், உதடு அசையும், ஒன்றும் வராது. அப்புறம் திறப்பதையும் விட்டுவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், நிறைய பேசுங்கள், அவருடைய தாய்மொழியிலேயே பேசுங்கள் என்று சொல்லியிருந்தாள். இந்தக் குடும்பத்துக்கு அதைச் சொல்லவா வேண்டும். அக்கா காலையும் மாலையும் தமிழில் பேசினார். பகலில் கூட இருக்க ஜங்புராவில் தமிழர்கள் இருந்த மதராசி கேம்ப் குடிசைகளிலிருந்து அஞ்சலை அம்மாவைத் தேடிப்பிடித்து வைத்தார், இந்தி பேசுகிற நர்ஸ் வேண்டாம் என்று. அந்த கேம்ப்பே இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். அப்போது அந்த அம்மாள் தினமும் பஸ் பிடித்து மயூர் விஹாரில் அக்கா வீட்டுக்கு வந்து, “என்னா நைனா, இன்னிக்காவது ஒரு வார்த்த சொல்லு” என்று நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். அவர் பார்ப்பார். அவ்வளவுதான்.

மாதங்கள் போயின. பெங்களூரிலிருந்த தம்பி போனில் சொல்ல ஆரம்பித்தான். அவன் கெட்டவன் இல்லை. அக்கா வேலையும் வீடுமாக உருக்குலைந்து போவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. கோயம்புத்தூரில் முதியோருக்கென்று நல்ல இடம், டாக்டர் பக்கத்திலேயே, எல்லாம் விசாரித்துவிட்டான். “அவருக்கு ஒண்ணும் தெரியலக்கா. எங்க இருக்கோம்னே தெரியாதவருக்கு டெல்லி என்ன, கோயம்புத்தூர் என்ன?” என்றான். அக்கா அந்த மௌனத்தை அவனுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவன் என்னைப்போல உடைகிற ஆள் இல்லை.

“அவருக்குக் கேக்குதுடா,” என்று என்னிடம் மட்டும் சொன்னார். “பதில் வரல. பதில் வரலன்னா ஆள் இல்லன்னு ஆயிடுமா?” ஆனால் தம்பியிடம் காட்ட அவருக்கு ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், அப்பாவை விடமாட்டார். அது கிடைக்கவில்லை. பொங்கல் கழிந்த கையோடு அப்பாவைக் கூட்டிப்போகத் தம்பி வந்தான். சாயங்காலம் பிளைட். அக்கா லீவு போட்டார். பெட்டி கட்ட, டாக்ஸியில் ஏற்ற ஒரு ஆள் இருக்கட்டும் என்று நானும் போட்டேன்.

வேலை நாள் ஒன்றில் அந்த வீட்டுக்கு நான் போனது அதுதான் முதல் தரம். அக்காவே அந்த நேரத்தில் அங்கே இருந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்கும். தரைத்தள வீடு. முன்னால் கேட்டை ஒட்டிக் கொஞ்சம் சிமெண்டுத் தரை, அங்கே வெயில் படும். அஞ்சலை அம்மா தினமும் சக்கர நாற்காலியை அங்கே தள்ளிவந்து விட்டுவிட்டு உள்ளே போய் உலை வைப்பாராம். அன்றைக்கு அப்பாவை வெளியே கொண்டுவரவில்லை. குல்லாயும் மப்ளரும் மாட்டிப் பயணத்துக்குத் தயாராகக் கூடத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தம்பி அவர் காலடியில் உட்கார்ந்து சாக்ஸ் போட்டுவிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு அவன் மேலிருந்த கோபம் போய்விட்டது.

தள்ளுவண்டிச் சத்தம் கேட்டது. வழிக்கு வாழைப்பழம் வாங்கலாம் என்று அக்கா வெளியே போனார், நானும் கூடப் போனேன். காய்கறிக்காரன் அக்காவைப் பார்த்ததில்லை. வாரநாட்களில் மட்டும் அந்தத் தெருவுக்கு வருகிறவன். பழத்தை எடுத்துக்கொண்டே, பாபுஜி எங்கே, இன்று வெயிலுக்கு வரவில்லையா என்று இந்தியில் கேட்டான்.

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?” என்று அக்கா கேட்டார்.

தெரியாமல் என்ன, தினமும் திட்டு வாங்குகிறேனே என்றான் அவன். ஒரு காயும் அவருக்குப் பிடிக்காது. பாஸி, ஹடாவ். வாடிப்போச்சு, எடுத்துட்டுப் போ. இரண்டு வார்த்தைதான் பேசுவார், ஆனால் இரண்டும் திட்டுதான். நேற்றுக்கூட முள்ளங்கியைப் பார்த்துச் சொன்னார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பாபுஜியா, பேசினாரா, வாயாலா என்று உளறினேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். பின்னே எதனால் பேசுவார்கள் என்று கேட்டான். பாவம், அந்த வீட்டில் பேச முடியாத ஒருவர் இருப்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. அஞ்சலை அம்மா கதவோரம் வந்து நின்றிருந்தார். “யாரோ பேசுற சத்தம் கேக்கும்மா. தள்ளுவண்டிக்காரன்தான் கத்துறான்னு நெனச்சேன். குக்கர் சத்தம் வேற” என்றார்.

அக்கா வண்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூட்டத்துக்குள்ளிருந்து கொஞ்சமாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. “தெருவெல்லாம் விசாரிப்பேன்,” என்றார் என்னிடம். “என் வீட்டு வாசல்ல கேக்கல பாரு.” பிறகு வண்டியிலிருந்து ஒரு சுரைக்காயை எடுத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார்.

உள்ளே போகவில்லை. வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றார். தலைக்கு மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏன் என்று தெரியாது, குளிருக்காகவும் இருக்கலாம். கூடத்தில் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாபுஜி,” என்றார் அக்கா. தன் அப்பாவை வாழ்க்கையில் முதல் தரமாக அப்படிக் கூப்பிட்டார். “லௌகி லே லோ. ஏக்தம் தாஜி ஹை.” சுரைக்காய் வாங்கிக்கோங்க, புத்தம் புதுசு.

தம்பி சாக்ஸோடு நிமிர்ந்தான். அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டதென்று நினைத்திருப்பான். அப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சுவர்க் கடிகாரம் ஓடுகிறது. இன்னொரு தரம் சொல்லுங்கக்கா, சத்தமாகச் சொல்லுங்க என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. தம்பி, “அக்கா, என்ன இது, டாக்ஸி” என்று எழப் போனான்.

அக்கா ஒரு கையை மட்டும் உயர்த்தினார். “கேட்டிருக்கும்டா, இரு.”

இருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்பாவின் தலை மெதுவாகத் திரும்பியது. முதலில் சுரைக்காயைப் பார்த்தார், பிறகுதான் ஆளை. நல்ல கையை நீட்டினார். “திகாவ்,” என்றார்.

காட்டு என்று கேட்கிறார். கரகரப்பாக, துருப்பிடித்த குரலில், ஆனால் தெளிவாக. அக்கா வாசலில் நின்றபடியே காயை நீட்டினார், நான் வாங்கிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். கட்டை விரல் நகத்தால் தோலை அழுத்திப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். “கல் கா,” என்றார். நேற்றைய சரக்கு.

தம்பி அவர் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைப்பானேன். அழாமல் நின்றவர் அக்கா ஒருவர்தான். செருப்பைக் கழற்றாமல், பாதம் வாசலைத் தாண்டாமல், சின்ன வயதில் நிறுத்தி வைத்த அதே இடத்தில் நிற்பதுபோல நின்றுகொண்டிருந்தார். இனி அந்த வீட்டுக்குள் இந்தியில் பேசலாமா, வேண்டாமா என்று யாரிடம் அனுமதி கேட்பார்? சொல்ல வேண்டியவர் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்பா சுரைக்காயை விட்டுவிட்டு நிமிர்ந்து மகளை வெகுநேரம் பார்த்தார். காய்கறிக்காரியைப் பார்க்கிற பார்வை இல்லை அது. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. வாசலைக் கை காட்டியே பழகிய அந்தக் கை எழுந்தது. ஆனால் விரல்கள் இந்த முறை உள்பக்கம் மடங்கின.

“அந்தர்,” என்றார். “அந்தர் ஆவோ.”

உள்ளே வா என்றார், இந்தியில். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.